வராத ஏர் ஃபிரைட் கட்டணம்: காசோலை திரும்பியது முதல் நீதிமன்ற வைப்புத்தொகை வரை ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் 2022 நவம்பர் முதல் 2024 டிசம்பர் வரை நடந்த விவகாரம் இது. பெயர்களும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களும் நீக்கப்பட்டுள்ளன. தொகைகள் முழு எண்களாக்கப்பட்டுள்ளன. பிறர் சரக்கை விமானத்தில் அனுப்பிக்கொடுக்கும் நிறுவனத்தை 'ஃபார்வர்டர்' என்றும், பணம் தராத நிறுவனத்தை 'வாடிக்கையாளர்' என்றும் குறிப்பிடுகிறோம்.

பின்னணி

ஃபார்வர்டர், பதிவு செய்யப்பட்ட ஒரு கூட்டாண்மை நிறுவனம். இந்தப் பதிவு சின்ன விஷயமல்ல. கூட்டாண்மைச் சட்டம் பிரிவு 69-இன்படி, பதிவில்லாத கூட்டாண்மை தன் ஒப்பந்தத்தை வைத்து வெளியாள் மீது வழக்கே போட முடியாது. பதிவு இல்லாமலிருந்தால் இந்த வழக்கு முதல் நாளிலேயே முடிந்திருக்கும்.

வாடிக்கையாளர், பின்னலாடையை வெளியே வாங்கி ஏற்றுமதி செய்யும் தனி உரிமையாளர் நிறுவனம். ஜி.எஸ்.டி பதிவு, ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு, வங்கிக் கணக்கு மூன்றும் மனைவி பெயரில் இருந்தன. விலை பேசியது, சரக்கு ஏற்றியது, மின்னஞ்சல் அனுப்பியது எல்லாம் கணவர். திருப்பூரில் இப்படி நடப்பது சகஜம் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

2022 நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு சிறு லோடுகள் போயின. 86,000 ரூபாயும் 1.12 லட்சமும் சொன்ன தேதிக்கு முன்பே வந்தன. அதைப் பார்த்து 30 நாள் கடன் கொடுக்கப்பட்டது. சின்னத் தொகையை நாணயமாகக் கட்டி நம்பிக்கை சம்பாதித்து, ஒரே சீசனில் பெரிய தொகைக்குக் கடன் வாங்கி மறைவதுதான் இந்த வகை மோசடியின் வழக்கமான போக்கு.

கட்டணம் எப்படிச் சேர்ந்தது

2023 பிப்ரவரி 6 முதல் மார்ச் 16 வரை ஐந்து லோடுகளில் 620 பெட்டிகள் சென்னையிலிருந்து ஐரோப்பாவுக்கு விமானத்தில் போயின. பெட்டி அளவு 60×40×40 செ.மீ. விமானச் சரக்கில் கன அளவை 6,000-ஆல் வகுத்து வரும் எடையையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இந்தப் பெட்டியின் கன அளவு 96,000 கன செ.மீ, வகுத்தால் 16 கிலோ. தராசு எடை 14 கிலோ. ஆகவே சார்ஜபிள் வெயிட், அதாவது கட்டணத்துக்குரிய எடை, 9,920 கிலோ. கிலோவுக்கு 190 ரூபாய் வீதம் 18,84,800 ரூபாய். லாரி வாடகை, சுங்க வேலை, டெர்மினல் கட்டணம் சேர்த்து 20,20,000. 18 சதவீத ஜி.எஸ்.டி 3,63,600. மொத்தம் 23,83,600 ரூபாய்.

இதில் ஃபார்வர்டரின் லாபம் சொற்பம். விமான நிறுவனங்களின் கணக்கை மாதம் இருமுறை காஸ் என்ற பொதுக் கணக்குத் தீர்வு முறையில் தீர்த்துவிட வேண்டும். ஜி.எஸ்.டியையும் வாடிக்கையாளர் தந்தாலும் தராவிட்டாலும் அந்தந்த மாதமே கட்டியாக வேண்டும். வாராக்கடன் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற வழியில்லை. கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் ஆவணம்) போட அனுமதிக்கும் ஜி.எஸ்.டி சட்டத்தின் பிரிவு 34-இல் வாராக்கடன் ஒரு காரணமாக இல்லை. எனவே கிட்டத்தட்ட முழுத் தொகையும் ஃபார்வர்டரின் கைப்பணம்.

ஒவ்வொரு லோடுக்கும் ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) தேதியிலிருந்து 30 நாள் தள்ளித் தேதியிட்ட காசோலை ஒன்று, மனைவியின் கையெழுத்துடன் வாங்கப்பட்டது.

முதல் அறிகுறிகள்

மார்ச் முதல் வாரத்தில் கணவர் வந்து, வெளிநாட்டுப் பணம் தாமதமாகிறது, காசோலைகளை மாதக் கடைசி வரை வங்கியில் போட வேண்டாம் என்றார். அப்போது மூன்று லோடுகள் போய்விட்டன, இரண்டு பாக்கி. அந்த இரண்டையும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஆனால் கணக்காளர் பிடிவாதமாக ஒன்றைச் செய்தார். "ஐந்து லோடுகளின் கட்டணத்துக்கும் நான் சொந்தப் பொறுப்பு" என்று கணவரிடம் மார்ச் 4 அன்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கினார். அவருடைய சொத்து எது என்று கேட்டு, வீட்டின் சர்வே எண்ணையும் பத்திர எண்ணையும் அதே கடிதத்தில் எழுத வைத்தார். இந்த வழக்கில் பணம் திரும்பி வந்தது இந்த ஒரு தாளால்தான்.

சரக்கைப் பிடித்து வைக்கவும் வழியில்லாமல் போனது. ஃபார்வர்டர் தரும் ஹவுஸ் ஏர்வே பில்லில் பெறுநராக வெளிநாட்டு வாங்குபவர் பெயரே நேரடியாக இருந்தது. 'ஃபிரைட் பிரீபெய்ட்' (கட்டணம் அனுப்புநர் பொறுப்பு, பெறுநரிடம் வாங்க வேண்டியதில்லை) என்றும் போட்டிருந்தது. கப்பல் சரக்கின் ஆர்டர் பில் ஆஃப் லேடிங் போல ஏர்வே பில் உரிமை ஆவணம் அல்ல. அசல் தாள் இல்லாமலே பெறுநருக்குச் சரக்கு கொடுக்கப்படும். ஐந்தாவது லோடு இறங்கியதும் ஃபார்வர்டர் கையில் மிஞ்சியவை காகிதங்கள்தான்.

காசோலைகள் திரும்பின

ஏப்ரல் 17 அன்று ஐந்து காசோலைகளும் சேர்த்து வங்கியில் போடப்பட்டன. காசோலைக்கு அதன் தேதியிலிருந்து 3 மாத ஆயுள் உண்டு. முதல் காசோலை மார்ச் 8 தேதியிட்டது என்பதால் காலக்கெடுவுக்குள் இருந்தது. 19-ஆம் தேதி ஐந்தும் 'கணக்கு மூடப்பட்டது' என்ற குறிப்புடன் திரும்பின. கணக்கு மூடப்பட்டது மார்ச் 20, அதாவது கடைசி லோடு போன நான்காம் நாள் என்பது பின்னால் தெரிந்தது.

அந்த வாரமே செய்த சோதனைகளில் தெரிந்தவை: ஜி.எஸ்.டி தளத்தில் பதிவு இடைநிறுத்தப்பட்டிருந்தது. கடைசியாகத் தாக்கலான கணக்கு ஜனவரி மாதத்தது. பதிவு முகவரி வாடகைக் கட்டடம், காலி. துணி தைத்துக் கொடுத்த மூன்று சிறு உற்பத்தியாளர்களுக்கும் பாக்கி இருந்தது. வெளிநாட்டில் சரக்கை ஒப்படைக்கும் டெலிவரி ஏஜென்ட் மூலம் வாங்குபவரைக் கேட்டபோது, தாங்கள் முழுப் பணத்தையும் மார்ச் 10-க்குள் அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. பணம் தாமதம் என்று சொன்னது பொய்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் காசோலை வழக்கு. மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-இல் காலக்கெடு தவறினால் வழக்கு நிற்பது கடினம் என்பதால் இது காத்திருக்காது. வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்தபின் பணம் கட்ட 15 நாள். அது முடிந்த ஒரு மாதத்துக்குள் புகார். ஏப்ரல் 28 அன்று மூன்று முகவரிகளுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. வீட்டு முகவரியில் மே 3 அன்று பெறப்பட்டது. மே 18-உடன் 15 நாள் முடிந்தது. ஜூன் 9 அன்று, ஃபார்வர்டரின் வங்கிக் கிளை உள்ள எல்லைக்குரிய குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கலானது. நோட்டீஸில் காசோலைத் தொகை மட்டும் தெளிவாகக் கேட்கப்பட்டது. வட்டி தனிப் பத்தியில். எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கலந்து கேட்டு நோட்டீஸே செல்லாமல் போன வழக்குகள் உண்டு. அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி ஒரே வகைக் குற்றங்கள் மூன்றுக்கு மேல் ஒரே வழக்கில் சேர்ப்பதில் ஆட்சேபம் வரும் என்பதால் ஐந்து காசோலைகளும் மூன்று, இரண்டு என இரு புகார்களாகப் பிரிக்கப்பட்டன.

காசோலையில் கையெழுத்திட்டவர் மனைவி. கணவர் இந்த வழக்கில் வரமாட்டார். ஆனால் சொத்து கணவருடையது. ஆகவே காசோலை வழக்கு மட்டும் போதாது.

அடுத்து காவல்துறை. ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்ததென்று காட்டினால்தான் மோசடிக் குற்றம் நிற்கும். வெறும் பாக்கி மோசடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. புகார் கொடுத்து ரசீது பெறப்பட்டது. விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார்கள். இதில் ஃபார்வர்டர் நேரம் செலவிடவில்லை, அது சரியான முடிவு. ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பணம் வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு இடைத்தரகரையும் ஒதுக்கிவிட்டார்கள். அப்படிப் போயிருந்தால் எதிர்த்தரப்பு மிரட்டல் புகார் கொடுத்திருக்கும்.

சிறு, குறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளுக்காக எம்.எஸ்.எம்.இ சட்டப்படி அமைந்த வசதியாக்கக் குழுவும் பரிசீலிக்கப்பட்டது. ஃபார்வர்டரிடம் சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு இருந்தது. அந்தச் சட்டத்தில் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி கிடைக்கும். அன்றைய வங்கி விகிதம் 6.75 சதவீதம், எனவே 20.25. ஆசைப்படத்தக்க வட்டிதான். ஆனால் குழுவின் முன் 'வாங்குபவர்', அதாவது சேவையைப் பெற்ற மனைவியின் நிறுவனம், மட்டுமே வரும். உத்தரவாதம் தந்த கணவரைக் கொண்டுவருவது சிக்கல். சொத்தை உடனே முடக்கவும் அங்கே வழியில்லை. வட்டியைவிட சொத்து முக்கியம் என்று அந்த வழி விடப்பட்டது. ஒழுங்காகத் தொழில் நடத்திக்கொண்டு பாக்கியை இழுத்தடிக்கும் வாடிக்கையாளர் என்றால் அந்தக் குழுவே நல்ல இடம்.

மீதமிருந்தது வணிக நீதிமன்றம். சரக்குப் போக்குவரத்து தொடர்பான, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வழக்குகள் வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2015-இன் கீழ் வரும். பிரிவு 12ஏ-இன்படி வழக்குக்கு முன் சமரசம் கட்டாயம். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படும் வழக்குகளுக்கு மட்டும் விலக்கு.

ஜூலை 12 அன்று கணவரின் வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தபோது, ஜூலை 3 தேதியிட்ட கிரைய ஒப்பந்தம் ஏறியிருந்தது. 2012 திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால்தான் இது கண்ணில் பட்டது. வீடு கைமாறும் நிலையில் இருந்தது. சமரசத்துக்கு விண்ணப்பித்து மூன்று மாதம் காத்திருந்தால் வழக்கில் ஜெயித்தாலும் எடுக்க ஒன்றும் இருக்காது.

தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி

ஜூலை 24 அன்று மனைவி முதல் எதிர்வாதி, கணவர் இரண்டாம் எதிர்வாதி என வழக்கு தாக்கலானது. அசலும் 18 சதவீத வட்டியும் சேர்த்து சுமார் 25.2 லட்சம், நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், சுமார் 75,000 ரூபாய். கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 38 விதி 5-இன் கீழ் ஜப்தி மனு.

இந்த மனு எளிதில் கிடைக்காது. பாக்கி இருக்கிறது, சொத்து இருக்கிறது என்று மட்டும் சொன்னால் தள்ளுபடிதான். வரப்போகும் தீர்ப்பைச் செயலற்றதாக்கும் நோக்கத்தோடு எதிர்வாதி சொத்தை அகற்றுகிறார் என்று குறிப்பான சம்பவங்களோடு காட்ட வேண்டும். பிரமாணப் பத்திரத்தில் நான்கு தேதிகள் மட்டும் வரிசையாக வைக்கப்பட்டன: வாங்குபவர் பணம் அனுப்பி முடித்த மார்ச் 10, கணக்கு மூடிய மார்ச் 20, நோட்டீஸ் பெற்ற மே 3, கிரைய ஒப்பந்தம் போட்ட ஜூலை 3. ஒவ்வொன்றுக்கும் ஆவணம் இணைக்கப்பட்டது. ஜூலை 28 அன்று, பிணையம் கட்டுமாறு நோட்டீஸுடன் நிபந்தனை ஜப்தி உத்தரவானது.

உத்தரவு கிடைத்ததும் வேலை முடிந்ததாக நினைப்பது பெரிய தவறு. உத்தரவு நகல் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வில்லங்கத்தில் ஏற வேண்டும். சர்வே எண்ணில் உட்பிரிவு ஒன்று தவறினாலும் ஏறாது. ஃபார்வர்டரின் வழக்கறிஞர் அடுத்த வாரமே புதிய வில்லங்கச் சான்று போட்டு உறுதி செய்தார்.

செப்டம்பரில் வீடு வாங்க ஒப்பந்தம் போட்டவர் ஆட்சேப மனு போட்டார். அவர் உண்மையான வாங்குபவர். விலை 42 லட்சம், முன்பணம் 15 லட்சம் வங்கி வழியே கொடுத்திருந்தார். ஜப்திக்கு முன்பே செய்த நேர்மையான ஒப்பந்தத்தை ஜப்தி முறிக்காது. ஆனால் அவர் இன்னும் கொடுக்காத மீதி விலை கடன் கொடுத்தவருக்கு உரியது. எனவே ஃபார்வர்டர் அவரோடு சண்டை போடாமல், மீதியை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லிக் கேட்டார். மீதி 27 லட்சத்தில் வீட்டு அடமானக் கடன் 9 லட்சம் வங்கிக்கு முதலில் போயாக வேண்டும். எஞ்சிய 18 லட்சத்தை அவர் 2024 ஜனவரியில் நீதிமன்றத்தில் கட்டினார், ஜப்தி நீங்கியது, வீடு அவருக்குக் கிரையமானது. நீதிமன்றம் தொகையை நிரந்தர வைப்பில் போட்டது.

இதற்குப் பின்தான் எதிர்த்தரப்பின் பேச்சு மாறியது.

விசாரணை

எதிர்வாதிகளின் எழுத்துப் பதிலான எதிருரை 112-ஆம் நாளில் வந்தது. வணிக வழக்கில் சம்மன் பெற்ற 120 நாளுக்குப் பின் எதிருரை ஏற்கப்படாது என்பதால் கடைசி நேரம் வரை இழுத்தார்கள். வாதங்கள் மூன்று.

ஒன்று, கன அளவு எடைக்குச் சம்மதிக்கவில்லை, தராசு எடைக்குத்தான் கட்டணம் என்பது. வித்தியாசம் 1,240 கிலோ, வரிக்கு முன் 2,35,600 ரூபாய். விலைப்பட்டியல் மின்னஞ்சலில் 'சார்ஜபிள் வெயிட்' என்றும் 6,000 வகுக்கும் கணக்கும் இருந்தன. அதற்குக் கணவர் "ஓகே, புக் பண்ணுங்க" என்று எழுதிய பதிலும் இருந்தது. முதல் இரண்டு லோடுகளும் இதே கணக்கில் கட்டப்பட்டவை. வாதம் நிற்கவில்லை. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் சாட்சியச் சட்டம் பிரிவு 65பி சான்றிதழ் வழக்குரையோடு சேர்த்தே தரப்பட்டிருந்தது. (2024 ஜூலை 1 முதல் போடும் வழக்குகளுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 பொருந்தும். அதில் சான்றிதழ் இரண்டு பகுதி. இரண்டாவதில் நிபுணர் கையெழுத்திட வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை எனக் காட்டும் ஹாஷ் மதிப்பும் வேண்டும்.)

இரண்டு, மனைவிக்கு எதுவும் தெரியாது என்பது. கையெழுத்தை அவர் மறுக்கவில்லை.

மூன்று, உத்தரவாதக் கடிதம் வெற்றுத்தாளில் வாங்கிய கையெழுத்து என்பது. இங்கே சிறு இடறல் ஒன்று வந்தது. கடிதம் முத்திரைத் தீர்வை இல்லாத லெட்டர்பேடில் இருந்தது. குறைவுத் தீர்வையும் 10 மடங்கு அபராதமும் கட்டிய பிறகே அது சான்றாவணமாகக் குறிக்கப்பட்டது. தொகை சிறிதுதான், ஆனால் இரண்டு வாய்தா போயின.

வழக்கைத் தீர்மானித்தது வங்கியிலிருந்து நீதிமன்றம் மூலம் வரவழைத்த கணக்கு அறிக்கை. டெலிவரி ஏஜென்ட்டின் மின்னஞ்சல் செவிவழிச் செய்தி என்பதால் சாட்சியத்தில் அதை நம்ப முடியாது. அறிக்கையில், வெளிநாட்டுப் பணம் பிப்ரவரி 27-இலும் மார்ச் 9-இலும் வரவாகி, அடுத்த நாளே கணவரின் சொந்தக் கணக்குக்குப் போனது தெரிந்தது. குறுக்கு விசாரணையில் இதற்கு விளக்கம் வரவில்லை.

இதற்கிடையே காசோலை வழக்குகளில் பிரிவு 143ஏ-இன் கீழ் இடைக்கால இழப்பீடு கேட்கப்பட்டது. 20 சதவீதம் வரை தரலாம் என்றாலும் அது கட்டாயமல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 10 சதவீதம், 2,38,360 ரூபாய் உத்தரவாகி, வந்தது.

முடிவும் கணக்கும்

2024 டிசம்பரில் மக்கள் நீதிமன்றத்தில் 22.5 லட்சத்துக்குச் சமரசமானது. நீதிமன்ற வைப்பிலிருந்து 18 லட்சம், ஏற்கெனவே வந்த 2,38,360, மீதி 2,11,640 வரைவோலையாக. வைப்பின் வட்டி சுமார் 1.1 லட்சமும் ஃபார்வர்டருக்கே. காசோலை வழக்குகள் பிரிவு 147-இன்படி இணக்கமாக முடிக்கப்பட்டன. சமரசமானதால் 75,000 ரூபாய் நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைத்தது.

வழக்கறிஞர் கட்டணமும் இதர செலவும் 2.6 லட்சம். கைக்கு வந்தது ஏறக்குறைய 21 லட்சம், அசலைவிட 2.8 லட்சம் குறைவு. 20 மாதம் முடங்கிய பணத்துக்கு 11 சதவீத ஓ.டி (ஓவர்டிராஃப்ட்) வட்டி 4.3 லட்சத்துக்கு மேல், தனி. தீர்ப்பு வரை போயிருந்தால் வட்டியோடு முழுத் தொகைக்கும் டிகிரி (தீர்ப்பாணை) கிடைத்திருக்கலாம். ஆனால் வைப்பிலிருந்த 18 லட்சத்துக்கு மேல் வசூலிக்க எதிர்வாதிகளிடம் வேறு சொத்து தெரியவில்லை. டிகிரி பெற்ற மற்ற கடன்காரர்கள் பங்கு கேட்கும் அபாயமும் நாளுக்கு நாள் கூடியது. அந்த நிலையில் 22.5 லட்சத்தை ஏற்றது சரியே.

துணி கொடுத்த மூன்று உற்பத்தியாளர்கள் காவல்துறைப் புகாரோடு நின்றுவிட்டார்கள். சமரசம் நடந்தபோது அவர்களுக்கு ஒரு ரூபாயும் வந்திருக்கவில்லை. அவர்களுடைய பாக்கி ஃபார்வர்டரின் பாக்கியைவிடப் பெரியது என்பதுதான் வேதனை.

நடைமுறையில் என்ன மாறியது

புதிய வாடிக்கையாளருக்கு முதல் ஆறு மாதம் கடன் வரம்பு, அவர் இதுவரை கட்டிய மிகப் பெரிய ஒற்றை பில்லின் அளவு மட்டுமே. ஒரு காசோலையைத் தள்ளிப்போடக் கேட்டால் அடுத்த லோடு முன்பணத்தில்தான் ஏறும்; விற்பனை ஊழியருக்கு இதில் விலக்குத் தர அதிகாரமில்லை.

கணக்கு ஒருவர் பெயரிலும் தொழில் இன்னொருவர் கையிலும் இருந்தால், தொழில் நடத்துபவரின் உத்தரவாதக் கடிதம் முதல் நாளே முத்திரைத் தாளில் வாங்கப்படுகிறது, சொத்து விவரத்தோடு. ஜி.எஸ்.டி கணக்குத் தாக்கல் நிலை மாதாமாதம் 22-ஆம் தேதிக்குப் பின் பார்க்கப்படுகிறது. ஒரு மாதம் தவறினால் கணக்காளருக்குத் தகவல்.

கடன் லோடுகளில், விமான நிறுவனம் தரும் மாஸ்டர் ஏர்வே பில்லின் பெறுநர் ஃபார்வர்டரின் சொந்த டெலிவரி ஏஜென்ட். அவர் ஃபார்வர்டரின் அனுமதி வந்த பின்பே டெலிவரி ஆர்டர் தருவார். ஒப்பந்தத்தில் பொதுப் பிடிப்புரிமை வரி ஒன்றும் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 171 அந்த உரிமையை வங்கியாளர் போன்ற சிலருக்குத்தான் தானாகத் தருகிறது; ஃபார்வர்டருக்கு எழுதி வாங்கினால்தான் உண்டு. பழைய பாக்கிக்காகப் புதிய லோடைக் குடோனில் நிறுத்திவைக்க இந்த வரி அவசியம்.

விலைப்பட்டியலில் பெட்டி அளவு, வகுக்கும் எண், கன அளவு எடை மூன்றும் எண்களாகவே எழுதப்படுகின்றன. வாடிக்கையாளரின் ஒப்புதல் தொலைபேசியில் வந்தால் அது மின்னஞ்சலாக வரும்வரை சரக்கு லாரியில் ஏறாது.